சத்தம் வராத படம்

உலகத்தில் சத்தமே இல்லாமல் எடுத்த படங்களும் உண்டு என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ரீவியின் முதுகில் அத்தனை அடி அடித்திருக்க மாட்டார்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து கண்டாவளைக்குத் திரும்பி வந்து ஒரு போகம் நெல் வெட்டியிருந்தோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. மின்சாரம் இன்னும் வரவில்லை. அம்மாவின் தம்பியான மாமா வவுனியாவில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். அவர்தான் சின்ன ரீவி ஒன்றையும் டிவிடி பிளேயரையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். மலைநாட்டிலிருந்து வந்து பக்கத்துக் காணியில் வயல் செய்த வயதான ஐயா ஒருவர் தன்னுடைய ஜெனரேற்றரைத் தந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அயல் முழுவதும் எங்கள் அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டது.

அம்மாவின் தங்கையான சித்தி மட்டும் குசினியில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சண்டை முடிகிற காலத்தில் பக்கத்தில் செல் குண்டு விழுந்து அவருடைய இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தன. பேச முடியும். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரத்துத்தான் சொல்லுவார். ஆட்கள் உடனே கையைத் தாழ்த்தி, மெல்லக் கதைக்கும்படி காட்டுவார்கள். பார்க்கிற எல்லோரும் அப்படியே காட்டத் தொடங்கியதும் சித்தி கதைப்பதையே விட்டுவிட்டார். என்னோடும்தான்.

மாமா சந்தையில் அள்ளி வந்த சீடிகளில் ஒன்றுக்கு உறை இல்லை. என்ன படமாக இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் அதையே முதலில் போட்டார். கறுப்பு வெள்ளையில் ஒல்லியான வெள்ளைக்காரன் ஒருவன் ஏணியும் வாளியுமாக ஒரு வீட்டுக்கு வந்தான். வாயை அசைத்தான். ஒன்றும் கேட்கவில்லை.

மாமா வயரைப் பிடுங்கிச் செருகினார். ரீவியின் முதுகில் மாறி மாறி அடித்தார். பிறகு, "ஜெனரேற்றர் குடுக்கிற கரண்ட் காணாது போல கிடக்கு," என்றார்.

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது தம்பி. நீங்க ஒங்க பொட்டியப் பாருங்க."

நடுநடுவே படத்தை மறைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறவள் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். நான் முதற்சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எழுத்துகள் போய், ஏணிக்காரன் திரும்பி வந்துவிட்டான்.

அப்போதுதான் சித்தி பிளேன்ரீத் தட்டோடு வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார்.

"இவன் பொய் சொல்லுறான்," என்றார்.

எல்லோரும் திரும்பினோம்.

"வேலை முடிஞ்சுது எண்டு வீட்டுக்காரனுக்குச் சொல்லுறான். முதுகால சுவரை மறைச்சுக்கொண்டு நிக்கிறான், பாருங்கோ. அங்கால ஒரு துண்டு பெயின்ற் அடிக்காமல் கிடக்கு."

குரல் வழக்கம்போல மிக உரத்துத்தான் வந்தது. ஆனால் வெளியே ஜெனரேற்றர் போட்ட இரைச்சலில் நாங்கள் எல்லோருமே கத்திக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் கையைத் தாழ்த்திக் காட்டவில்லை. ஐயா எழுந்து சித்தியின் முன்னால் வந்து, திரையில் நின்ற பெண்ணைக் காட்டி, இவள் யார் என்று கையால் கேட்டார்.

"வீட்டுக்காரன்ர தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே மாதிரித் தலையைச் சரிக்கினம். அவளுக்கு இவனில விருப்பம். சாப்பிட வச்ச பாண் தட்டை முதல்ல இவன்ர பக்கம்தான் தள்ளினவள்."

பிறகு சித்தி நிறுத்தவில்லை. தட்டை யாரோ வாங்கிக்கொள்ள, வாசற்படியில் உட்கார்ந்து முழுக்கதையும் சொல்லிக்கொண்டு போனார். மாமாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"இது சரிவராது. சத்தம் வாற படமொண்டு போடுவம்," என்று கையை நீட்டினார்.

"தம்பி, கையை எடு," என்றார் அம்மா. "இது முடியட்டும்."

"சத்தம் இல்லாமலோ அக்கா?"

"ஓம். சத்தம் இல்லாமல்."

எனக்கு வியப்பாக இருந்தது. எங்கே ஒரு பாட்டுக் கேட்டாலும் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்கிறவர் என் அம்மா.

கடைசியில் ஏணிக்காரன் வேலை போய், தெருவோடு நடந்து மறைந்தான். அந்தப் பெண் வெளியே வந்து, அவன் பூசிய சுவரில் கையை வைத்தாள். உள்ளங்கை முழுவதும் பெயின்ற். "கையைத் துடைக்கேல்லை, பாத்தியளோ," என்றார் சித்தி.

இப்போது நான் கிளிநொச்சியில் குறும்படங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். முதன்முதலில் போன பயிற்சி வகுப்பில் ஊமைப்படங்களைப் பற்றிச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பாத்திரங்களின் குரல் கேட்காது என்பதால், மனதில் இருப்பதை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செயலாகவே எழுத வேண்டியிருந்ததாம். பிறகு படங்களுக்குக் குரல் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருத்தி கோபப்பட்டாள் என்று இன்றைக்கும் திரைக்கதையில் எழுதுவதில்லை. அவள் கோப்பையை எப்படி வைத்தாள் என்றுதான் எழுதுகிறோம். மற்றவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சித்தியின் குரலை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் ஒரு காட்சி எழுதி முடித்தால், உரையாடலைக் கையால் மறைத்துவிட்டு, மிச்சத்தைப் படித்துப் பார்ப்பேன். கதை புரியாவிட்டால் திருப்பி எழுதுவேன்.

அன்றைக்கு மாமா அடுத்த சீடியைப் போட்டதும் தகரம் அதிரப் பாட்டு வந்தது. ரீவியிலும் பிழையில்லை, ஜெனரேற்றரிலும் பிழையில்லை. ஐயா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லா முகங்களும் ஒரேயடியாகத் திரைப்பக்கம் திரும்பின. சித்தி அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனார். அடுத்த பாட்டுத் தொடங்கும்போது அம்மாவின் இடமும் காலியாக இருந்தது.

தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அம்மா நிலத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தி ஏணிக்காரனின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், உரத்த குரலில். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் எல்லாம் அம்மா கையை விரித்து, 'பிறகு?' என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரும் சேர்ந்துதானே அந்தப் படத்தைப் பார்த்தார்கள்? "அவன் போயிடுவான் அம்மா, அவள் சுவரில கை வைப்பாள்," என்று உதவி செய்யப் பார்த்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் இருத்தி, என் வாயைப் பொத்திவிட்டு, மறுபடியும் சித்தியைப் பார்த்துக் கையை விரித்தார்.

பாவம், அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.