பக்கத்து வீட்டில் ஆர் இருக்கினம்?

வீடு விற்றுக் கொடுக்கிறவனிடம் எல்லோரும் கூரையைப் பற்றிக் கேட்பார்கள் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அவர்கள் கேட்பதெல்லாம் பக்கத்து வீட்டைப் பற்றித்தான்.

வீடு தேடி அலைந்தவர்களுக்கும் அலைய வைத்தவர்களுக்கும் இது தெரிந்த துன்பம். கூரை ஒழுகுமா, நிலவறைக்குள் தண்ணீர் ஏறுமா, எதைக் கேட்டாலும் நாங்கள் சொல்லலாம். அக்கம்பக்கத்தில் எந்த இனம், எந்த நிறம் என்று மட்டும் சட்டப்படி வாய் திறக்கக் கூடாது. வாங்குகிறவர்களுக்கோ அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

மற்றவர்கள்

யாழ்ப்பாணத்தில் தமிழில் தொடங்கி மொன்றியலில் பிரெஞ்சில் முடித்த படிப்போடு, அந்த இரண்டு மொழியும் உதவாத ஒரு சின்ன அமெரிக்க நகரத்தில் போய் இருந்து இந்தத் தொழிலைப் பழகினேன். அந்த நகரத்தின் இனக்கணக்கு சுலபமானது. ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் வெள்ளையர், அந்தப் பக்கம் கறுப்பர், இறைச்சித் தொழிற்சாலையைச் சுற்றி மெக்சிக்கர். அதற்குப் பிறகு 'மற்றவர்கள்' என்று ஒரு வரி போடுவார்கள். அந்த வரியில் பாதி, நானும் என் மனைவி பிள்ளைகளும்தான்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு வீடு காட்டினேன். சமையலறையைப் பார்த்துச் சொக்கிப் போனார். வாங்குவது என்ற முடிவோடு வாசல்வரை வந்தவர், குரலை இறக்கி, பக்கத்து வீட்டில் எப்படியான ஆட்கள் என்று கேட்டார். பதில் சொல்லக் கூடாத கேள்வி. ஆனால் அங்கே குடியிருந்ததே நான். அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்குப் பொய்க்காரன் ஆகிவிடுவேன். சொன்னேன். அம்மாவின் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை எனக்கு நல்லாப் பிடித்திருக்கிறது. வேறு தெருவில் ஏதாவது வீடு இருக்கிறதா?"

பிள்ளையாரும் மாதாவும்

மொன்றியலுக்குத் திரும்பி வந்தபோது ஒரு ஆறுதல். இங்கே அந்தக் கேள்வியை ஒருவரும் குரலை இறக்கிக் கேட்பதில்லை. கிரேக்கர் கிரேக்கர் இருக்கிறார்களா என்பார், லெபனான்காரர் லெபனான்காரர் இருக்கிறார்களா என்பார். எங்கட ஆக்களும் அதையே கேட்பார்கள். ஆனால் சிலர் ஆசையோடு கேட்பார்கள், சிலர் இருந்துவிடுவார்களோ என்ற பயத்தோடு.

சிவநேசன் அண்ணை பயந்தவர். அவரும் மனைவி பவளம் அக்காவும் தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். வெளிப்பக்கம் வளைந்து ஏறுகிற இரும்புப் படி. போன பனிக்காலம் அதில் சறுக்கி விழுந்த அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. மறு பனி விழுமுன் படி இல்லாத வீட்டுக்குப் போகாவிட்டால் அவர் வசந்தம்வரை வெளியே இறங்க முடியாது. இது அண்ணைக்கும் தெரியும். தெரிந்தும் நான் காட்டிய வீட்டையெல்லாம் தட்டிக் கழித்தார்.

நகரத்துக்கு வெளிப்புறமாய், பியர்பொன்ட்ஸில் ஒரு அருமையான வீடு. கீழ்த்தளம் மட்டும், முன்னுக்கு ஒரு மேப்பிள் மரம். அண்ணை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அயல்வீட்டுக் காரின் கண்ணாடிக்குள் பிள்ளையார் இருப்பதைக் கண்டு காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். பிள்ளையாரைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். காரைத் திருப்பச் சொன்னவரை அன்றுதான் கண்டேன்.

அடுத்து நான் காட்டிய வீட்டுக்கு அயலில், முற்றத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா சொரூபம். அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இத்தாலிக்காரர், தம்பி. தங்கமான சனம்." வேலியோரம் போய் நின்று, தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி ஒரு 'பொன்ஜூர்' போட்டார். உள்ளேயிருந்து ஒரு அம்மா கைதுடைத்துக்கொண்டு வந்து, "ஆரைத் தேடுறியள்? நாங்கள் மன்னார்" என்றார். அண்ணை காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "மாதாவுமோ எங்கட ஆக்கள்!"

கதவுகள்

அன்று திரும்பி வரும் வழியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணை, தமிழாக்கள் உங்களை என்ன செய்தவை?" என்று கேட்டேன். பின்னால் இருந்த பவளம் அக்கா, "சொல்லுங்கோவன். தம்பி ஆரிட்டைப் போய்ச் சொல்லப் போறான்?" என்றார்.

அவர்களுக்கு ஒரே மகள், மயூரி. மொன்றியல்-நோரில் ஜோனாஸ் என்ற பையனோடு சேர்ந்து இருக்கிறாள். அவன் தாய் தகப்பன் ஹெயிற்றியிலிருந்து வந்தவர்கள். அண்ணைக்கு முதலில் அது ஒரு அடிதான். பேந்து பெடியனைக் கண்டு, அவன் பவளம் அக்கா சமைத்த நண்டுக்கறியை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டதைக் கண்டு, மனம் ஆறிவிட்டார். ஆறாதது அந்தக் கட்டடத்துச் சனம். அவர்கள் இருவரும் முதல்முறை படியேறி வந்தபோது ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு கதவு திறந்ததாம். மறுநாள் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் ஒருவர், "என்ன அண்ணை, வீட்டை விருந்தாளியளாம்?" என்று சிரித்துக் கேட்டாராம். மயூரிக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் வரவேயில்லை.

அண்ணை கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "என்ர பிள்ளை என்ர வீட்டை வரேக்கை ஒருத்தரும் கதவு திறந்து பாக்கக் கூடாது. அவ்வளவுதான் தம்பி நான் கேக்கிறது."

மதாம் ஜினெத்தின் கவலை

அதே பியர்பொன்ட்ஸில், பேருந்து எப்போதாவது நினைத்துக்கொண்டு வருகிற ஒரு தெருவில், மதாம் ஜினெத் என்ற, பிரெஞ்சு பேசுகிற கியூபெக் அம்மா கணவர் இறந்த பிறகு வீட்டை விற்க வந்தார். அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: வாங்க வருகிறவர்கள் எந்த நாட்டார்? அதையும் நான் சொல்லக் கூடாது. கதவைத் திறந்து கண்ணால் கண்டதும் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "நல்லவேளை! இங்கிலீஷ்காரராக இருந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்."

அண்ணை இதுதான் தருணம் என்று, பக்கத்து வீட்டில் யார் என்று அரைகுறைப் பிரெஞ்சில் அவரிடமே கேட்டுவிட்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதாம் ஜினெத் கொஞ்சம் யோசித்தார். "நல்ல மனிதர். தினமும் பொன்ஜூர் சொல்லுவார், அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். எங்கேயிருந்து வந்தவர் என்று நான் கேட்கவில்லை. இங்கிலீஷ்காரர் இல்லை, அது போதும்."

மோர்மிளகாய்

பேசாத அயலவர் என்றதும் அண்ணை பாதி வீட்டை வாங்கிவிட்டார். மீதிப் பாதிக்காக நிலவறைக்குள் இறங்கி வெந்நீர்த் தாங்கியைத் தட்டிப் பார்க்கப் போனார். நானும் பவளம் அக்காவும் சமையலறையில் நின்றோம். அக்கா யன்னலால் வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். அயல்வீட்டுப் பின்விறாந்தையில், இலையுதிர்காலத்துக் கடைசி வெயிலில், ஒரு சுளகு. சுளகு நிறைய மோர்மிளகாய்.

நிலவறைப் படியில் அண்ணையின் காலடி கேட்டது. அக்கா நொண்டி நொண்டிப் போய் யன்னல் திரையை ஒரே இழுவையில் மூடினார். "வெயில் கண்ணைக் குத்துது" என்றார், மேலே வந்த அண்ணையிடம். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது. வாயைத் திறந்தால் சட்டப்படி பிழை; திறக்காவிட்டால் அண்ணையின் முகத்தில் விழிக்க முடியாது. வெளியே வரும்போது அக்கா என் கையைப் பிடித்து நடந்தபடி காதுக்குள் சொன்னார். "நான் பகல் முழுக்க ஆரோடை கதைக்கிறது, சுவரோடையோ? நீ பேசாமல் இரு. ஆனால் அந்த மனிசி மிளகாயைக் கீறாமல் காய வைச்சிருக்கு. வந்து ஒருக்கால் சொல்லிக் குடுக்கவேணும்."

பால் பொங்கிய திசை

பனிக்கு முன்னே குடிபுகுந்தார்கள். பால் காய்ச்சுகிற அன்று என்னையும் கூப்பிட்டார்கள். மயூரி புதுச்சேலையில், ஜோனாஸ் அண்ணையின் பழைய வேட்டியில் வந்திருந்தார்கள். கட்டத் தெரியாமல் சுற்றிய வேட்டி அவன் காலடியில் புரண்டது. புகைக்கு எச்சரிக்கை மணி கத்தும் என்று பின்கதவைத் திறந்து வைத்திருந்தோம். அண்ணை வெளியே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். "பொன்ஜூர்" என்றார் இவர். "பொன்ஜூர்" என்றார் அவர். குடிவந்த நாளிலிருந்து இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

உள்ளேயிருந்து பவளம் அக்கா, "பால் பொங்குது, ஓடி வாங்கோ!" என்று கத்தினார்.

அயலவரின் கையில் இருந்த சருகுவாரி நின்றது. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்துவிட்டது.

"கிழக்காலையோ பொங்கினது?"

இரண்டு கிழவர்களும் திருட்டில் பிடிபட்டவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே கிடந்த கதிரையை எடுக்க ஜோனாஸ் வந்தான். பின்னால் மயூரி. அயலவர் பெடியனைப் பார்த்தார். அண்ணை, அயலவர் பார்ப்பதைப் பார்த்தார். மயூரி வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். நான் கூரையைப் பார்க்கலாம் என்றால் வெளியில் தலைக்கு மேலே கூரையும் இல்லை.

"தம்பி, மடிச்சுக் கட்டு, தடக்கிவிடும்" என்று அயலவர் தன் இடுப்பில் கைவைத்துச் சைகையில் காட்டினார். ஜோனாஸ் மடித்துக் கட்டினான். அண்ணையின் தோள் மெல்ல இறங்கியது. பிறகு அந்த மனிதர் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வேலிமேல் சாய்ந்து சொன்னார். "அண்ணை, என்ர மருமகள் வியட்நாம் பிள்ளை. அதுதான் இஞ்சாலை வந்தனாங்கள். நான் இஞ்சை இருக்கிறன் எண்டு எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ!"

அந்தத் தெருவில் இப்போது இன்னொரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, தமிழரே இல்லாத இடமாய் ஒன்று பார்த்துத் தரச்சொல்லி என்னிடம் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தமிழர்.