நைனாவும் இடம் மாற்றிக்கொண்ட பூட்டனாரும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நைனாவின் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். அட்டையில் இருப்பது நைனாவின் படம். படத்துக்குக் கீழே இருக்கும் பெயர் மட்டும் இரண்டு பேருக்குச் சொந்தமானது. அந்த இன்னொருவரைச் சொல்லாமல் நைனாவின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. நினைவு மலர் என்றால் அடக்கமாக எழுத வேண்டும் என்று தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறான். நைனாவைப் பற்றி அடக்கமாக எழுதுவது என்னால் ஆகிற காரியமா என்பது அவரோடு பழகிய உங்களுக்கே தெரியும்.

நைனா பிறந்தது பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில். எங்கள் முன்னோருக்குச் சொந்தமாக ஒரு வரப்புகூட இருந்ததில்லை. நைனா ஐ.டி.ஐ. படித்து, மின்சாரத் துறையில் வயர்மேன் ஆகி, செஞ்சியில் வந்து குடியேறினார். வேலை கிடைத்த புதிதிலேயே தாத்தா இறந்துவிட்டார். அவருடைய கருமாதி ஏரிக்கரையில் நடந்தது. சடங்கு செய்துவைத்தவர் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். நைனா தன் அப்பா பெயரைச் சொன்னார். பாட்டன் பெயரைச் சொன்னார். அதற்கு மேலே இருந்த பூட்டன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கூலிக்குப் போன எடத்துல எல்லாம் ஏய், டேய்னுதான் கூப்டாங்க. அவரு பேரு யாருக்குடா தெரியும்?" என்றாராம் ஒருவர்.

"சீக்கிரம் சொல்லுப்பா, வெயில் ஏறுது" என்றாராம் சடங்கு செய்பவர்.

அந்தப் பதற்றத்தில் நைனா வாயில் வந்தது அவருடைய சொந்தப் பெயர். மூன்றாவது பிண்டம், எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தவரின் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் கெட்ட சகுனம் என்று பரிகாரம் தேடி ஓடியிருப்பார்கள். நைனாவுக்கோ குஷி பிறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாராம்: "என் பேர அவன் எடுத்துக்கினான். அப்போ அவன் எடத்த நான் எடுத்துக்கலாம் இல்ல? இனிமே நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போய் வரப் போறோம்."

அன்று தொடங்கிய விளையாட்டு நைனாவின் கடைசி நாள்வரை ஓயவில்லை. எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் அனுபவிப்பவர் பூட்டனார்தான். குழாயில் முதல்முறை தண்ணீர் வந்தபோது நைனா இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "பூட்டன் வந்துட்டான்! ஏத்தம் எறைக்காம தண்ணி வருதேன்னு மெரண்டு போய்ப் பாக்கறான்!" என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும், பூட்டனார் ஏறிவிடுவார். வேட்டவலம் ரோட்டில் பஸ் வேகம் எடுக்கும்போது நைனா கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். ஒரு கிராமத்துக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கப் போனால், பல்பு எரிந்ததும் நைனாவின் கண்தான் முதலில் கலங்கும். கேட்டால், "எனக்கு இன்னா? பூட்டனுக்குக் கண்ணு கூசுது" என்பார்.

அம்மா சும்மா விடுவாரா? ஒருநாள் மிக்சி வாங்கி வந்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாத்துக்கும் உங்க பூட்டனையே இட்டாறியே, அந்தப் பூட்டன் பொண்டாட்டி எங்க? அம்மியில அரைச்சு அரைச்சு கை தேஞ்சவ அவதான?"

நைனா அசந்துபோய்விட்டார். "நீ போய் அவள அனுப்பேன்" என்றார்.

"நான் எங்கியும் போமாட்டேன். அங்க போனா அடுப்பு ஊதணும். அவ வேணும்னா இங்க வரட்டும், நான் ஓரமா ஒக்காந்துக்கறேன்." இப்படியாகப் பூட்டியும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா எங்களை ராஜகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போவார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்து, ராஜாவாகப் பிறந்திருக்கலாமே என்று பெருமூச்சு விடுவார்கள். நைனாவிடம் அந்தப் பேச்சே கூடாது. "ராஜா எடம் எனக்கு வாணாம்பா. எந்நேரமும் எவன் படையெடுத்து வருவானோன்னு ஒரே டென்ஷன்" என்பார். மதில் சுவரில் ஒரு பெரிய கல்லைத் தேர்ந்தெடுத்து, தோளைக் கொடுத்து முட்டி நிற்பார். "இத நான்தான் தூக்கி வெச்சேன். இப்போ பூட்டன் கீழ நிழல்ல ஒக்காந்து ஐஸ் துன்னுறான்." நானும் தம்பியும் அவரோடு சேர்ந்து சுவரை முட்டுவோம். குரங்குகள்கூட எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கும். அந்தக் கல்லை எங்கள் ஆட்கள் தூக்கினார்களா என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் யாரோ தூக்காமல் அது அங்கே ஏறியிருக்காது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோட்டை எங்கள் வீட்டுச் சுவர் போலத்தான் இருக்கிறது.

இது வெறும் விளையாட்டு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் நர்சிங் முடித்துப் பட்டம் வாங்கிய அன்று நைனா முன்வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து, "பாத்தியா நைனா?" என்றேன். "நான் எங்க பாத்தேன்? அங்க நாத்து நட்டுக்கினு இருந்தேன். பூட்டன்தான் பாத்தான். கை தட்டித் தட்டி செவந்து போச்சு பாரு" என்று உள்ளங்கையைக் காட்டினார். தன் வாழ்க்கையின் நல்ல நேரங்களையெல்லாம் அவர் பூட்டனாருக்குக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்துக்குச் சேற்றில் போய் நின்றுகொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கஷ்டம் வந்தபோது கதையே வேறு. ஒரு மழைக்காலத்தில் மின்கம்பத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது பூட்டனார் பேச்சையே எடுக்கவில்லை. கடைசி வருடம் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் ஊசிக்குக் கை வீங்கிப் போனது. பார்க்கப் பொறுக்காமல் ஒரு மத்தியானம் நானே சொன்னேன்: "கொஞ்ச நேரம் பூட்டனை மாத்திவுடேன் நைனா."

நைனாவுக்கு வந்ததே கோபம்! "வாய மூடு. அவன் பட்டது போதாதா? இத மட்டும் மாத்திக்க மாட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். "நான் போயிட்டா, உன் தம்பி மூணு பேரு சொல்லுவான். என் பேரு, எங்கப்பா பேரு, என் பாட்டன் பேரு. மூணும் தெரிஞ்ச பேரு. கணக்கு முடிஞ்சுடும். பூட்டன் நாலாவதா வெளிய நிப்பான். இத்தன வருசமா எல்லாத்துலயும் கூட இருந்தவன் சோறில்லாம போயிடுவாம்மா. அவன வுட்டுடாதீங்க." நைனா எங்களிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் தம்பியிடம் சொன்னேன். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் அவனுக்கு இதெல்லாம் கூச்சம். "பத்துப் பேரு எதிர்ல இன்னா சொல்லச் சொல்ற? சிரிப்பாங்க அக்கா" என்றான். நான் வற்புறுத்தவில்லை. பெயர் சொல்ல வேண்டிய வாய் அவனுடையது.

நைனாவின் கருமாதியும் அதே ஏரிக்கரையில்தான். தம்பி மூன்று பெயர்களையும் தடுமாறாமல் சொன்னான். மூன்று பிண்டமும் இலையில் வைத்தாயிற்று. சடங்கு செய்துவைத்தவர் தண்ணீர் விட்டு முடிக்கச் செம்பை எடுத்தார். அம்மா என் தோளைப் பிடித்தார்.

"ஒரு நிமிசம். இன்னும் ஒருத்தர் இருக்காரு" என்றான் தம்பி.

"பேரு சொல்லு."

தம்பி நைனாவின் பெயரைச் சொன்னான்.

"அத மொதல்லியே சொல்லிட்டியேப்பா."

"அது எங்க நைனாவுக்கு. இது அவருகூட எடம் மாத்திக்கினவருக்கு. ஏரிக்கு அந்தாண்ட வயல்ல வேல செஞ்சவரு. அவருக்கு வேற பேரு எங்களுக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. சடங்கு செய்பவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியை இழுத்தார். சட்டியில் ஒட்டியிருந்த சோற்றை வழித்துத் திரட்டி நாலாவது பிண்டமாக வைத்தார். அம்மாதான் அழுகையும் சிரிப்புமாக, "வெச்சதுதான் வெச்சீங்க, பக்கத்துல அவரு பொண்டாட்டிக்கும் ஒரு கை வைங்க" என்றார். அதையும் வைத்தார். அப்போது கூடியிருந்த அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். கருமாதியில் இப்படிச் சிரித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கு அதில் வெட்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நைனாவைக் கடைசிவரை கண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், டயாலிசிஸுக்கு முகம் சுளிக்காமல் ஆட்டோ ஓட்டி வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய வயர்மேன் நண்பர்களுக்கும், அனந்தபுரத்திலிருந்து அண்டா அண்டாவாகச் சோறு கொண்டுவந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். தன் இடத்தை எங்கள் நைனாவுக்கு வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுத்த பூட்டனாருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

இன்று முதலாண்டுப் படையலில் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டிருக்கிறோம். எந்த இலை நைனாவுக்கு, எந்த இலை பூட்டனாருக்கு என்று எங்களிடம் கேட்காதீர்கள். நாம் கும்பிட்டு நிமிர்வதற்குள் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள்.