கீழ் டிராயர் பாட்டில்

“…அப்போ நாளைக்கு ஒருத்தன் கத்தி வாங்கிட்டுப் போய்க் கையை அறுத்துக்கிட்டான்னா, கத்திக் கடைக்காரனும் சைட்டுக்கு ஓடிப்போய் எழுதிக் குடுத்துட்டு வரணும், அப்படித்தானே சேகரு?”

தங்கராஜ் அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது நான் அபுதாபி முசஃபாவில் ஒரு கட்டட சைட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் கடைக்குத் திரும்பியிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. லைசன்ஸ் கஃபீல், அதாவது அரபி ஸ்பான்சர், பேரில் இருந்தாலும் கடையை நடத்துவது அண்ணாச்சிதான். நான் சேல்ஸ்மேன். எங்களுடையது வேப் கடை. பேட்டரியில் சூடாகி ஆவி விடும் கருவியும், அதில் ஊற்றுகிற ஜூஸும் விற்போம்.

அந்த நாளின் கோபம் இன்றைக்கும் போகவில்லை. இப்போது பர் துபாயில் வேறு கடையில் இருக்கிறேன். புதிதாக வேப் வாங்குகிறவர்களுக்கும், கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கிற பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முதல் பேச்சு இதுதான்: சிகரெட் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். நான் இதை விற்றுச் சாப்பிடுகிறவன், நானே சொல்கிறேன். “சும்மா ஸ்டைலுக்கு அண்ணே” என்று வருகிறவனை டீ வாங்கிக் கொடுத்தாவது திருப்பி அனுப்பிவிடுவேன்.

1. லீவில் போனவன் விட்டுப்போன டப்பா

ஊரில் வேப் தடை என்பது எல்லாருக்கும் தெரியும். ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில், லீவில் போகிறவன் தன் வேப்பை ரூம்மேட் கையில் கொடுத்துவிட்டுப் போவான். லேபர் கேம்ப்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. குக்கரையும் போர்வையையும் கொடுத்துவிட்டுப் போவதுபோலத்தான். ஆனால் குக்கரை வாங்குகிறவனுக்குச் சோறு வைக்கத் தெரியும். வேப்பை வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கொடுத்தவனும் சொல்லிக்கொடுப்பதில்லை. “பட்டனை அமுக்கு, இழு” என்பதோடு ஃப்ளைட் ஏறிவிடுவான்.

கதிரேசனுக்கும் அப்படித்தான் வந்தது. அரியலூர்ப் பக்கத்துப் பையன், ஸ்கேஃபோல்டிங் வேலை. சாரம் கட்ட உயரத்தில் ஏறுகிறவன். ஒரு நாளைக்கு நாலைந்து சிகரெட். கேம்பில் ரூமுக்குள் சிகரெட் பிடித்தால் அபராதம் என்று ஆனபிறகு, லீவில் போன ரூம்மேட்டின் டப்பாவை எடுத்துக்கொண்டான்.

அது பெரிய டப்பா. ஜூஸைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில் தடித்தது, எழுபது வாட்ஸ், ஒரு இழுப்புக்கு ரூமே மேகமாகிவிடும். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. பெரிய டப்பா ஒரு இழுப்பில் நிறைய ஜூஸைக் குடிக்கும். ஆகவே அதற்கு நிகோடின் மிகக் குறைந்த ஜூஸ்தான் ஊற்ற வேண்டும். ஒரு மில்லி ஜூஸுக்கு மூன்று எம்.ஜி நிகோடின், மிஞ்சிப்போனால் ஆறு. விரல் நீளத்துக்கு வருகிற சின்ன பாட் கிட் கொஞ்சமாகக் குடிக்கும், அதில்தான் இருபது எம்.ஜி ஊற்றலாம். சிகரெட்டை விட வேண்டும் என்று வருகிறவனுக்கு அந்தச் சின்னதே போதும். பெரிய டப்பாவில் கெட்டி ஜூஸை ஊற்றுவது, ஊறுகாயைச் சோறுபோல அள்ளித் தின்பதற்குச் சமம்.

2. கீழ் டிராயர்

கடைகளில் இருபதுக்கு மேல் விற்க இங்கே அனுமதி கிடையாது. ஆனால் அண்ணாச்சி கடையில் கீழ் டிராயர் ஒன்று உண்டு. அதில் ஐம்பது எம்.ஜி பாட்டில்கள். கேட்கிறவனுக்கு மட்டும் எடுத்துத் தருவது. இரண்டு வருஷம் நானும் குனிந்து எடுத்துத் தந்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே உண்டு.

கதிரேசன் வந்த அன்று நான் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

“அண்ணாச்சி, இதுக்கு ஊத்த ஏதாச்சும் குடுங்க. இழுத்தா நெஞ்சுல ஒரு தட்டு தட்டணும், நாலு நாளாச்சும் வரணும்.”

“தட்டுறது வேணுமா? இந்தா, மாம்பழம். குதிரை மாதிரி உதைக்கும்.”

டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. கையில் சோறு. ‘எந்த டப்பா வைத்திருக்கிறான்’ என்று எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். ரசம் ஆறிவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த ரசத்தின் மேல்கூட எனக்கு இன்னும் கோபம்தான்.

பிள்ளைகளே, வாங்க வருகிறவன் என்ன கேட்கிறான் என்பது இரண்டாவது. ‘டப்பாவைக் காட்டு’ என்பதுதான் முதல் கேள்வி. காயிலில் ஓம் எண் எழுதியிருக்கும். ஒன்றுக்குக் கீழே இறங்க இறங்க அது பெரிய வாய் என்று அர்த்தம்.

3. மாம்பழ வாசனை

இரண்டு நாள் கழித்துக் காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. கடைப் பையில் அச்சடித்த நம்பரைப் பார்த்து அடித்திருக்கிறான்.

“அண்ணே, அரியலூர் கதிரேசன் பேசுறேன். சைட் கிளினிக்ல கிடக்குறேன். உங்க கடை ஜூஸ்ல என்னண்ணே இருக்கு?”

டேங்க்கில் கிடந்த பழைய ஜூஸ் தீர்ந்து அன்றைக்குத்தான் இதை ஊற்றி, டீ பிரேக்கில் உட்கார்ந்து இழுத்திருக்கிறான். “சிகரெட்டுன்னா முடிஞ்சது தெரியும்ணே, இது முடியவே மாட்டேங்குது” என்றான். நிகோடினைப் பற்றி இதைவிடச் சரியாக எந்தப் பெட்டியிலும் அச்சடித்ததில்லை. பிறகு சாரத்தில் ஏறியிருக்கிறான். இரண்டாவது தட்டில் கண் இருட்டி, வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, பெல்ட்டின் கொக்கியில் தொங்கியிருக்கிறான். கொக்கி மாட்டியிருந்தான், அதனால் போன் பேசுகிறான்.

ஆனால் அவன் அழுதது அதற்காக இல்லை. இறக்கியபோது சேஃப்டி ஆபீசர் முகர்ந்து பார்த்திருக்கிறார். வாயெல்லாம் பழ வாசனை. ஏதோ பழச் சாராயம் என்று முடிவு கட்டிவிட்டார். கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். டூட்டியில் குடித்துவிட்டு ஏறினான் என்று ரிப்போர்ட் மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸுக்குப் போகும். போனால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். கலாஸ், கதை முடிந்தது.

“அக்கா கல்யாணக் கடனே இன்னும் நிக்குதுண்ணே. நான் குடிக்கலைன்னு யாராச்சும் வந்து சொல்லுங்கண்ணே.”

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தலைநிமிரவில்லை.

“சொல்லப் போனா எந்தக் கடைன்னு கேப்பான். அப்புறம் எத்தனை எம்.ஜின்னு கேப்பான். நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

கீழ் டிராயரைத் திறந்து அதே மாம்பழ பாட்டில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்தேன். பின்னால் என் பெயர் இரண்டுமுறை கேட்டது.

4. டிஷ்யூ பேப்பர்

சைட் கிளினிக்கிலேயே இருந்தார் சேஃப்டி ஆபீசர், கான்பூர்காரர். பேச்செல்லாம் ஹிந்தியில். என் ஹிந்தி கடை ஹிந்தி, சமாளித்தேன். “பியா ஹை, பாய். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்” என்றார். குடித்திருக்கிறான் என்கிறார்.

மேஜையில் ஒரு டிஷ்யூவை விரித்து இரண்டு சொட்டு விட்டேன். “இந்த வாசனையா, சார்?” முகர்ந்தார். முகம் மாறியது. மறுபடி முகர்ந்தார்.

பாட்டிலில் ஐம்பது என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். கதிரேசனின் டப்பாவை வாங்கி, திரையில் எழுபது என்று எரிவதைக் காட்டினேன். “நாலு சிகரெட் பிடிக்கிறவனுக்கு டீ குடிக்கிற நேரத்துல ஒரு பாக்கெட்டை வாயில் திணிச்ச மாதிரி சார் இது. குடிக்கலை. நிகோடின் ஏறிப்போச்சு.” கிளினிக் நர்ஸும் சாராய வாடை இல்லை என்றே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். யார் கேட்டது?

“இதை யார் விற்றது?” என்றார் ஆபீசர்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அண்ணாச்சி என்னைத் தடுத்தார். கட்டிலில் கதிரேசன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலில் இன்னும் சேஃப்டி ஷூ.

“எங்க கடை சார்.”

“எழுதிக் கொடு.”

எழுதினேன். கடைப் பெயர், என் பெயர், பாட்டிலில் இருந்த எண். அவர் ரிப்போர்ட்டைத் திரும்ப எழுதினார். குடித்திருந்தான் என்ற இடத்தில் உடல்நிலை சரியில்லை என்று வந்தது. மூன்று நாள் உயரத்தில் ஏறக்கூடாது, ஒரு வார்னிங் லெட்டர், டப்பா பறிமுதல். கேட் பாஸ் திரும்பி வந்தது. என் காகிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நாளா இப்படி விக்கிறீங்களா?” என்றார். மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியை இறுக்கினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அதுதான் சுட்டது.

5. மிச்சம் சொல்ல வேண்டியவை

புதுக் காயில் மாட்டினால் அதற்குள் இருக்கிற பஞ்சில் நாலு சொட்டு ஜூஸ் விட்டு, டேங்க்கை நிரப்பி, பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகும். அந்தக் கருகல் வாசனை வந்தபிறகும் இழுப்பவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

கழற்றுகிற பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள், இரும்பு பட்டால் தீப்பிடிக்கும். முசஃபா கேரேஜ் மெக்கானிக் ஒருவர் தொடையில் கட்டோடு வந்தார். “பாக்கெட்ல அடுப்பு வெச்சுக்கிட்டு நடந்திருக்கேன் பாய்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தப் பேட்டரிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பி கொடுக்காமல் விற்றவன் எவனோ அவன்மேல்தான் எரிந்தது. கட்டில் மெத்தையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ரூமில் எட்டுப் பேர் இருக்கிறீர்கள்.

லீவில் போகிறவர் டப்பாவைக் கொடுத்தால், எந்த எம்.ஜி ஊற்றினீர்கள் என்று கேட்டு அதன்மேல் மார்க்கரால் எழுதி வாங்குங்கள். தலை சுற்றினால், வாய் ஊறினால், நெஞ்சு படபடத்தால் போதும் என்று அர்த்தம். கீழே வையுங்கள். உயரத்தில் ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் கிளினிக் போங்கள்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரிந்தது, அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு விற்றால், அவனை வியாபாரி என்று என்னால் சொல்ல முடியாது.

அன்று மாலை அண்ணாச்சி கத்திக் கடைக்காரனை இழுத்தபோது இதைத்தான் சொன்னேன், இவ்வளவு கோர்வையாக வரவில்லை. “கத்தி வெட்டும்னு வாங்குறவனுக்குத் தெரியும் அண்ணாச்சி. இது உதைக்கும்னு சொன்ன நீங்க, எவ்வளவு உயரத்துலேர்ந்து உதைக்கும்னு சொல்லலையே.”

அவர் திறந்து கிடந்த கீழ் டிராயரைக் காலால் தள்ளி மூடினார். பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் உருவி, கறுப்பு மார்க்கரால் ‘விற்ற பொருளுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று பெரிதாக எழுதினார். கீழே அதையே இங்கிலீஷிலும் எழுதினார். நாலு மூலையிலும் டேப் போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போய் நின்று பார்த்தார். உள்ளே வந்து, வலது மூலையை உரித்து, கொஞ்சம் மேலே தூக்கி நேராக ஒட்டினார்.