கருப்பு கருப்புதான்

"உனக்குக் கண்ணு போச்சும்மா. வேற ஆளைப் பாக்குறேன்."

முதலாளி இதைத் தையல் பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சீருடைக் கம்பெனிக்குப் படம் எடுக்கும் அக்கா வாய் மூடி நின்றது அன்று ஒருநாள்தான். பாஸ்போர்ட் படத்தில் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் கேமரா பிடித்து, இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவள். கண்தான் அவளுக்குச் சோறு.

அவள் எடுத்த படங்களில் கருப்புக் கோட்டுகள் மெரூனாகத் தெரிந்தன. படத்தைப் பார்த்து மெரூன் கேட்டவர்களுக்குக் கருப்பு போய், பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. கணினியில் திருத்தினால் கோட்டு கருப்பானது, சிவப்பு டை செங்கல் தூள் நிறமானது.

அன்று மாலை சின்னவள் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாய்க் காட்ட, அக்கா நிறம் சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை.

"கேமராவுக்குப் பரீட்சை வைம்மா" என்ற சின்னவள், டி.வி. ரிமோட்டை அதன் எதிரே பிடித்து அமுக்கினாள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கேமராத் திரையில் ரிமோட்டின் மூக்கு பளிச்சென்று எரிந்தது.

அக்காவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்துப் பார்க்கிறது இந்தக் கேமரா. படம் எடுக்க முதலாளி புதிதாக மாட்டிய சூடு கக்கும் பல்புகளில் அந்த ஒளி கொட்டிக் கிடக்கிறது. பாலியஸ்டர் கருப்பு அதைத் திருப்பி அடிக்க, கேமரா அதை மெரூனாக்கிவிடுகிறது. பழியோ தன் தலையில்.

அந்த ஒளியை மட்டும் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் முதலாளியையே பல்புகளுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உங்க கோட்டு என்ன கலர் சார்?"

"கருப்பு."

"பேன்ட்டு?"

"அதுவும் கருப்புதான். கண்ணு தெரியலையா?"

படத்தில் கம்பளிக் கோட்டு கருப்பு, பாலியஸ்டர் பேன்ட் மெரூன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அக்கா ஃபில்டரை லென்ஸில் திருகி மறுபடி எடுத்தாள். இரண்டும் கருப்பு. அவர் கட்டியிருந்த சிவப்பு டையும் சிவப்பாகவே இருந்தது.

"சரி சரி, போய் வேலையைப் பாரும்மா" என்றார் முதலாளி, தணிந்த குரலில்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க. அப்புறம் வேலையைப் பாக்குறேன்."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்கா கண்ணுல ஒரு குறையும் இல்ல."

"கடைசி வரிசைக்குக் கேக்கல சார்" என்றாள் அக்கா.