பனிச்சறுக்குக்கு இரண்டு மூட்டை

என் வீட்டுக்காரருக்கு ரூபாயில் யோசிக்க வராது. எதன் விலையைச் சொன்னாலும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து அதை நெல் மூட்டையாக்கிச் சொல்லிவிடுவார். கலர் டிவி நாற்பது மூட்டை. பெண்ணின் கல்லூரி ஹாஸ்டல் மாதத்துக்கு இரண்டு மூட்டை. நான் ஆசை ஆசையாக எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், “ஒம்பது மூட்டையை இடுப்புல சுத்திக்கிட்டு நிக்கிறே” என்பார். குத்தாலம் பக்கத்தில் நிலம் வைத்திருந்த பலருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஆனால் இவர் அளவுக்குக் கூச்சமில்லாமல் அதைச் சொன்னவர்கள் குறைவு. நான் வங்கியில் குமாஸ்தா. பகல் முழுக்க ரூபாயை எண்ணிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூட்டைக் கணக்குப் பேசுவேன்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் படம் பார்த்தார்கள், பாட்டுப் பார்த்தார்கள். நான் ஒரு மத்தியானம் ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலில் பனிச்சறுக்கைப் பார்த்தேன். வெள்ளைச் சரிவில் ஒருத்தி காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து இறங்கினாள். யாரும் துரத்தவில்லை, எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை, சும்மா இறங்கினாள். அதற்கப்புறம் அந்தச் சேனலைத் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. ஒரே ஒரு தடவை அப்படி இறங்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆகையால் சொல்லவில்லை.

சொல்லாமலே அதற்கு வழி பிறந்தது. எங்கள் வங்கியில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றப் பயணக் கட்டணம் தருவார்கள். அந்த நாலு வருஷம் அந்தப் பங்குனியோடு முடிகிறது. எங்கள் ஒரே பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் ஆகிவிட்டால் என்னைச் சார்ந்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருக்காது, அடுத்த தடவை எங்களோடு வரவும் முடியாது. மூவருமாகப் போக இதுதான் கடைசி வாய்ப்பு என்று வீட்டில் சொன்னேன். இடம் மணாலி என்றும் நானே சொன்னேன்.

“பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு யாராவது ஊர் சுத்துவாங்களா?” என்று தெருவில் கேட்டார்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். ஆனால் சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. வயலில் உளுந்தும் தெளித்தாகிவிட்டது. மாசி முழுக்க அவருக்குப் பெரிய வேலை கிடையாது. டிக்கெட்டுக்கு வங்கி பணம் தருகிறது என்றதும் பாதி இறங்கி வந்தார். “மத்த செலவுக்கு பதினஞ்சு மூட்டை. அதுக்கு மேல ஒரு நெல்மணி கூட கிடையாது” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பட்ஜெட் போட்டோம். நான் எழுதினேன், அவர் மூட்டையாக்கினார், பெண் முறுக்குத் தின்றுகொண்டு இரண்டு பேரையும் கேலி செய்தாள். அறை வாடகை நான்கு மூட்டை. ரயிலில் சாப்பாட்டுக்கு இரண்டு. அங்கே ஜீப்புக்கு இரண்டு. சம்பந்தி வீட்டுக்குச் சால்வை வாங்காமல் வர முடியாது, அதற்கு மூன்று. அவசரத்துக்கு என்று இரண்டு. மிச்சம் இரண்டு மூட்டை இருந்தது. நான் ‘பனிச்சறுக்கு, ஒரு ஆள்’ என்று எழுதி அதற்கு நேரே இரண்டு போட்டேன்.

“பனியைப் பார்க்கப் போறமா, பனியில விழப் போறமா?” என்றார் அவர்.

“ரெண்டுக்கும்தான்” என்றேன்.

“ரெண்டு மூட்டையைக் குடுத்து விழணுமா? நம்ம வாய்க்கால் கரையில மழை நாள்ல சும்மாவே விழலாமே.”

அந்த வரியை அடிக்கச் சொல்லி மூன்று நாள் பேசினார். அறையில் குறைத்துக்கொள்ளலாம், சால்வையில் குறைத்துக்கொள்ளலாம், அந்த வரியில் கை வைக்க விடமாட்டேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். கடைசியில், “சரி, பொண்ணு ஆசைப்படுது, ஒரு தடவை ஏறி இறங்கட்டும்” என்று விட்டார். பெண் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அந்த ஒரு ஆள் அவள்தான் என்று அவராக நினைத்துக்கொண்டார். தெருவிலும் அப்படியே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. பெற்ற பெண்ணின் பெயரில் என் ஆசைக்கு இடம் பிடித்து வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பட்ஜெட்டில் மணாலியில் சாப்பாட்டுக்கென்று ஒரு பைசா கிடையாது. அது அவருடைய யோசனை. சொந்த வயலில் விளைந்த புழுங்கல் அரிசி பன்னிரண்டு கிலோவைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், பம்ப் ஸ்டவ்வில் அறையிலேயே பொங்கிக்கொள்வது. “சோறு நம்ம கையில இருந்தா எந்த ஊருக்கும் பயமில்ல” என்றார். குக்கரை எடுத்து வைத்தேன். அவர் அதை எடுத்து வெளியே வைத்தார். குக்கர் சோற்றை அவர் தொடமாட்டார். கஞ்சி வடித்த சோறுதான் அவருக்குச் சோறு, மற்றதெல்லாம் களி. ஆகையால் அலுமினியப் பானையும் வடிதட்டும் இமயமலைக்குப் புறப்பட்டன, குக்கர் குத்தாலத்தில் தங்கிவிட்டது.

குளிருக்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை. அடுத்த தெருவில் ஒரு பாய் வீடு. அந்த அம்மாவும் நானும் பள்ளிக்கூடத் தோழிகள், அவருடைய வீட்டுக்காரர் துபாயில் கடை வைத்திருந்தார். “எடுத்துக்கிட்டுப் போங்க, இந்த ஊர் வெயில்ல இது பீரோவுலதான் தூங்குது” என்று புலிப் படம் போட்ட இரண்டு கனத்த கம்பளிகளைக் கொடுத்தார். அந்தப் புலிகள் இல்லாவிட்டால் நாங்கள் மணாலியில் விறைத்துப் போயிருப்போம்.

மெட்ராஸ் போய், டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, அப்புறம் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கி, ஐந்தாம் நாள் காலை மணாலியில் இறங்கினோம். கூரை மேலெல்லாம் பனி. பெண் ஓடிப்போய் ஒரு கை அள்ளி அப்பாவின் முதுகுக்குள் போட்டாள். அவர் அப்படித் துள்ளி நான் பார்த்ததே இல்லை. நல்ல பயணம் என்று நினைத்தேன்.

அன்று பத்து மணிக்கு உலை வைத்தேன். தண்ணீர் சீக்கிரமே கொதித்தது, அவருக்குப் பெருமையாக இருந்தது. அரிசியைப் போட்டேன். அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. மேலே குழைந்த மாதிரி இருந்தது, வாயில் போட்டால் உள்ளே கல். ஒன்றரை மணிக்கு அப்புறமும் நடு அரிசி நறுக்கென்றது. ஸ்டவ்வைப் பம்ப் செய்து செய்து அவருக்குக் கை ஓய்ந்தது. அரிசி பழசு என்றேன். “என் அரிசியைக் குறை சொல்லாத” என்றார்.

கம்பளிக்குள்ளிருந்து பெண் தலையை நீட்டினாள். “அப்பா, இவ்வளவு உசரத்துல தண்ணி சூடு கம்மியா இருக்கும்போதே கொதிச்சிடும். அதான் வேகல. குக்கர்ல வச்சிருந்தா வெந்திருக்கும்.”

“இதைக் குத்தாலத்துலயே சொல்லக் கூடாதா?”

“பரீட்சைக்குப் படிச்சதுப்பா. சோத்துக்கு ஆகும்னு தோணல.”

அவர் அந்தச் சோற்றை ரசம் ஊற்றி ஒரு பருக்கை விடாமல் தின்றார். கடித்துத் தின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்கு இறங்கவில்லை. ஏழு நாளைக்கு என்று வாங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் சாயங்காலமே தீர்ந்துபோனது. குளிர்காலத்தில் அங்கே மண்ணெண்ணெய்க்கு அவரவர் வைத்ததே விலை. பிறகு ஓட்டலில்தான் ரொட்டியும் ராஜ்மாவும். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு எழுந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். என்ன கணக்கு என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவசரத்துக்கென்று வைத்த இரண்டு மூட்டை முதலில் போயிற்று. சால்வை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. அடுத்து எந்த வரி போகும் என்று எனக்குத் தெரியும். “ஊருக்குப் போய் என் சம்பளத்துல தரேன், அதைத் தொடாதீங்க” என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு ஒரு வேளை பட்டினி கிடந்தேன், பசியில்லை என்று.

கடைசி நாள் ஜீப் வைத்துக்கொண்டு சறுக்கும் இடத்துக்குப் புறப்பட்டோம். வழியிலேயே ஜீப் நின்றது. இருபுறமும் கடைகள், ரப்பர் பூட்ஸும் உடம்பை மூடும் கோட்டும் வாடகைக்கு. அது இல்லாமல் பனியில் கால் வைக்க முடியாது என்றார்கள். இந்தச் செலவு எங்கள் நோட்டில் இல்லவே இல்லை. மூன்று பேருக்கும் வாடகை கொடுத்தார். புடவைக்கு மேலே அந்தக் கோட்டை மாட்டியதும் நான் நெல் கொட்டிய குதிர் மாதிரி ஆகிவிட்டேன். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சரிவைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. டிவியில் பார்த்ததைவிடச் சின்னதுதான். அதனால் என்ன. பலகை வாடகை சொல்பவரிடம் என் வீட்டுக்காரர் அரைகுறை இந்தியில் பேரம் பேசிவிட்டு வந்தார்.

“நாள் முழுக்கன்னா கையில இருக்கிறது பத்தாது. ஒரு மணி நேரம், ஒரு ஆளுக்கு, கத்துக்குடுக்கிறதோட சேர்த்து. அவ்வளவுதான் முடியும்” என்று பணத்தை எண்ணிப் பெண்ணின் கையில் கொடுத்தார். “பார்த்துப் போ. கல்யாணப் பொண்ணு, கையைக் காலை உடைச்சுக்காத.”

நான் சிரித்த முகமாக நின்றேன். பெற்றவள் அப்படித்தானே நிற்க வேண்டும். ஆனால் பெண் மேல் ஒரு கணம் கோபம்கூட வந்தது. சொல்லிக்கொடுக்கும் ஆள் பூட்ஸோடு வந்து அவள் முன்னால் குனிந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டு என்னைக் காட்டினாள்.

“அம்மாவுக்குப் போடச் சொல்லுங்கப்பா.”

“அம்மாவுக்கா?”

“டிவியில அது வந்தா, அம்மா காலைத் தரையில தேய்ச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கும். நீங்க பார்த்ததில்ல?” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீ போம்மா. நான் இருக்கப் போற ஊர்ல வருஷத்துல ஆறு மாசம் பனிதானாம். நான் அங்க பார்த்துக்கறேன்” என்றாள்.

நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் பாத்திரம் பேசினோம், நகை பேசினோம், விசா பேசினோம். நான் இருக்கப் போகிற ஊர் என்று அவள் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

பூட்ஸ் மாட்டினார்கள். பலகையில் பூட்டினார்கள். கையில் குச்சிகளைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு தடவை நின்ற இடத்திலேயே விழுந்தேன். மூன்றாவது தடவை கொஞ்ச தூரம் போய் விழுந்தேன். நாலாவது தடவை விழவில்லை. குளிர் காற்று முகத்தில் அறைய, காலுக்குக் கீழே தரை தானாக ஓட, முப்பது நாற்பதடி தூரம் நான் இறங்கினேன். அந்த நேரம் எனக்கு வயதில்லை. அவ்வளவு சந்தோஷம். அதை ஒளித்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

நின்றதும் திரும்பிப் பார்த்தேன். மேலே இரண்டு பேரும் சின்னதாகத் தெரிந்தார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை தூரத்திலிருந்துகூட இனி அவளைப் பார்க்க முடியாது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நாளும் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டோம், இதற்குப் போடவில்லை.

பலகையைக் கழற்றச் சொன்னேன். சொல்லிக்கொடுத்த ஆள் கடிகாரத்தைக் காட்டினார், இன்னும் அரைமணி இருக்கிறது, பணம் திரும்ப வராது என்று சைகையில் சொன்னார். பரவாயில்லை என்றேன். பனியில் கால் புதையப் புதைய மேலே ஏறிப் போனேன்.

“ஏம்மா, காலு வலிக்குதா?” என்றாள் பெண்.

“இல்ல. சும்மா கொஞ்ச நேரம் உக்காரலாம்” என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வயலில் சிந்திய நெல்லைக் குனிந்து பொறுக்கும் மனிதர், அந்த அரைமணி வீணாகப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கோட்டைக் கழற்றிப் பனியில் விரித்தார். அவளை நடுவில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஜீப்காரர் வந்து கூப்பிடும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.