ஆக்சிலேட்டரில் சிக்கிய பூஜைக் கயிறு

என் மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு வயது. ஆயுத பூஜை முடிந்த வாரம், முறுக்கிய ஆக்சிலேட்டர் சில நேரம் திரும்பி வராமல் நின்றுகொண்டது. கிழட்டு வண்டி, கார்புரேட்டரில் அழுக்குதான் என்று நானே முடிவுகட்டி, கழற்றிக் கழுவினேன். கேபிளுக்கும் எண்ணெய் விட்டேன். சரியானது போலிருந்தது.

"கைப்பிடியில கட்டின மாலை காஞ்சு கயிறு மட்டும் தொங்குது. வெட்டிடுங்களேன்," என்றாள் மனைவி.

"சாமிக்குக் கட்டினது லா. அதுவா விழட்டும்," என்று அதட்டினேன்.

மறுநாள் காலை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுன் பாசாருக்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டேன். வழியில் சிவப்பு விளக்கு. கையைத் தளர்த்தியும் வேகம் குறையவில்லை; எதிரே ஒரு லோரி நின்றிருந்தது. பிரேக்கை அழுத்தியபடியே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். லோரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றோம். என் சட்டையைப் பிடித்திருந்த அவள் கை வெகுநேரம் விடவில்லை.

அருகிலிருந்த பட்டறைக்கு வண்டியைத் தள்ளிச் சென்றோம். மெக்கானிக் கைப்பிடியை உருவினார். உள்ளே மாலைக் கயிறு சுற்றிக்கொண்டு, பூஜைச் சந்தனத்தோடு காய்ந்து இறுகியிருந்தது.

"கார்புரேட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே. கைப்பிடிய நீங்க பாக்கவே இல்லையா?"

மனைவி அந்தக் கயிற்றை எடுத்து என் கையில் வைத்தாள். அதுதான் அதிகம் உறுத்தியது.

இப்போது எந்தக் கோளாறானாலும் கை படும் இடத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். மாலையை முன்கூடையில் கட்டுகிறோம். இந்த ஆண்டு பூஜையில் அவளே ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பார்த்தாள். டக்கென்று திரும்பியது. அதன் பிறகே சூடம் ஏற்றினாள்.