எண்ணுக்குப் போட்ட உறை

நேற்று ஸ்கூடாயில் ஒரு 'மாமாக்' சாப்பாட்டுக் கடையில், நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் தேநீருக்குக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "கூட்டவே மாட்டேங்குது லா!" எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான்; எனக்கு அது நிறையவே உண்டு. திரையில் '2 + 3.14' என்று இருந்தது. 5.14 வர வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே புஷ்பா ஞாபகமும்.

புஷ்பாவும் நானும் மாசாயில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. குறியீடுகளை வைத்துக் கணக்குப் போடும் ஒரு கணினி மொழியோடுதான் பகலெல்லாம் மல்லுக்கட்டு. அதற்குப் புரியாததைக் கொடுத்தால் தப்பு என்று சொல்லாது. கொடுத்ததை அப்படியே திருப்பிக் காட்டும். வம்பே அதில்தான்.

புஷ்பாவுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டாள். டிவி ரிமோட்டுக்கும் உறை. வெயில் நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் 'பர்ர்' என்று ஒரு சத்தம்; விருந்தாளி முன்னால் மானம் போகும். "நம்ம ஆளுங்க வீட்ல எல்லாம் இப்படித்தாண்டி" என்பாள். பொய்யில்லை. என் அக்கா கார் இருக்கைகளில் இன்னும் உறை இருக்கிறது.

அவளுடைய ஒப்பந்தம் முடிகிற சமயம் சிங்கப்பூரில் ஒரு நேர்காணல் வந்தது. தான் எழுதிய கணக்கை அவர்கள் கண்முன்னே ஓட்டிக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் மாசாயிலிருந்தே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்வரலாம். கிடைக்காவிட்டால் குளுவாங்கில் அம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளைவிட எனக்குத்தான் பயம். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

நேர்காணலுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் கணக்கு படுத்துவிட்டது.

"அலாமாக்! எண்ணு கண்ணு முன்னால நிக்குது, கூட்ட மாட்டேங்குதே!" அழுகிற குரல்.

"என்னத்தடி மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல. பாக்க அழகா இருக்கட்டும்னு ரெண்டு டெசிமலோட காட்டச் சொன்னேன், அவ்ளோதான்."

'அழகாகக் காட்டு' என்ற கட்டளையையும் சேர்த்தே எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறாள் மகராசி. நம் கண்ணுக்கு அது எண்; கணினிக்கு அது உறை போட்ட பொட்டலம். பொட்டலத்தோடு இரண்டை எப்படிக் கூட்டும்?

"உன் சோபா மாதிரியே பண்ணி வச்சிருக்க. உறையக் கழட்டுடி!" என்று கத்தினேன்.

முறைத்தாள். பிறகு, உள்ளே இருப்பதை மட்டும் எடு என்று தட்டினாள். 3.14159 முழுசாக வெளியே வந்தது. கூட்டினாள், கூட்டியது. ஆனால் கணக்கு முழுக்க இதே வேலையைப் பண்ணி வைத்திருந்தாளே! முதலில் எண்ணைச் சேமி, காட்டும்போது மட்டும் அலங்காரம் பண்ணு என்று ஒவ்வோர் இடமாக மாற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

வேலை கிடைத்தது. கொஞ்சக் காலம் போய்வந்தாள். விடியுமுன் கிளம்பிப் பாலத்து நெரிசலில் புகை குடித்து, திரும்பி வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள், "முடியல லா, அங்கயே ரூம் பாத்துட்டேன்" என்றாள். பிறகு அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவாள். நானும் ஒன்று அனுப்புவேன். பேசி வருஷங்களாகிவிட்டன.

மாசாய் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அவள் அந்த வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஞாயிறு முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.